பலாலி சிறிதாகவே இருக்கட்டும்!

பழனிசெட்டிபட்டியில் கம்பம் ரோட்டு ஓரத்தில் ஒரு டீக்கடை. விடிந்தும் விடியாமலும் அங்கே கூட்டம் சேர்ந்துவிடும். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். ஏழெட்டுப் பேர் காது கொடுத்துக் கேட்பார்கள்.

2025-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள். அன்று வந்த செய்தி இது: "திருச்சியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம். 30-ந் தேதி தொடங்குகிறது."

"யாழ்ப்பாணத்திலே ஏதப்பா விமான நிலையம்?" என்று கேட்டார் ஒருவர்.

"பலாலியிலே இருக்கு. ரொம்பக் குட்டி. நம்ம தேனி பஸ் ஸ்டாண்டு அதைவிடப் பெரிசா இருக்கும்" என்றார் இன்னொருவர்.

"அப்புறம் எதுக்கு அதுக்கு சர்வதேச விமான நிலையம்னு பேரு? பேருக்கே ஒரு ஓடுபாதை வேணும் போலிருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரிக்காதவர் ஒரே ஒரு அம்மாள். எங்கள் தெருக்காரர். பால் வாங்க வந்தவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தூக்குப் பாத்திரத்தை ஒரு கையில் இருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்:

"சிரியுங்கோ தம்பி, சிரியுங்கோ. என்ரை அக்கா அதிலைதான் வரப்போறா."

அந்த அம்மாள் யாழ்ப்பாணத்துப் பெண். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார். அவருக்கு வாழ்க்கைப்பட்டு, 1979-ம் ஆண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, இங்கே வந்து சேர்ந்தவர். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் முல்லை ஆற்றுத் தண்ணீர் குடித்தும், "வாறன், போறன்" என்ற பேச்சு மட்டும் மாறவே இல்லை.

அவர் அன்று சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

சர்வதேசம் என்றால் என்ன?

டீக்கடைக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

சர்வதேச விமான நிலையம் என்றால் பெரிய நிலையம் என்று அர்த்தம் இல்லை. கண்ணாடி மாளிகை வேண்டும், நகரும் படிக்கட்டு வேண்டும் என்ற சட்டம் எதுவும் கிடையாது.

வேண்டியது சில மேஜைகள்தான். ஒரு மேஜையில் பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்துகிற அதிகாரி. இன்னொரு மேஜையில் பெட்டியைப் பார்க்கிற சுங்க அதிகாரி. நோய் நொடி, செடி கொடி இவற்றைக் கவனிக்க ஓர் ஆள். இந்த ஏற்பாடு இருந்தால் வெளிநாட்டு விமானம் வந்து இறங்கலாம். ஒரு ஓட்டுக் கட்டிடத்துக்குள்கூட இதையெல்லாம் வைத்துவிடலாம்.

ஆகவே "குட்டி சர்வதேச விமான நிலையம்" என்று சொல்வதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை.

உலகத்தில் இதைவிட வேடிக்கையான நிலையங்கள் உண்டு. பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவிலே துவாலு என்று ஒரு நாடு. ஒன்பது தீவுகள். மொத்த ஜனத்தொகை பதினோராயிரத்துக்குள். நம் போடி நகரத்து ஜனத்தொகையில் ஒரு மூலைக்குக் காணாது!

அதன் தலைநகரத் தீவு புனாபுட்டி. நூல் பிடித்தாற்போல நீளமான தீவு. சில இடங்களில் நின்று பார்த்தால் இந்தப் பக்கமும் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர். அந்தத் தீவில் ஒரு சர்வதேச விமான நிலையம் இருக்கிறது. பிஜித் தீவின் தலைநகரான சுவாவில் இருந்து அங்கே விமானம் வரும். தினம் தினம் அல்ல. வாரத்தில் சில நாட்கள்தான்.

விமானம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சங்கு ஊதுவார்கள். ஓடுபாதையில் நிற்கும் ஆட்களும் நாய்களும் விலகிக்கொள்ள வேண்டும். விமானம் போனதும் மறுபடி கூட்டம் சேர்ந்துவிடும். சாயங்காலம் பிள்ளைகள் அதிலேதான் பந்து விளையாடுவார்கள். புழுக்கமான ராத்திரிகளில் பாயைக் கொண்டுவந்து போட்டுத் தூங்குகிறவர்களும் உண்டு. நம் ஊரில் கோவில் மண்டபம் மாதிரி அவர்களுக்கு ஓடுபாதை!

அந்த ஊர்க்காரன் யாரும் "இது எதற்கு சர்வதேசம்?" என்று கேட்பதில்லை. அந்த ஓடுபாதைதான் அவனுக்கு வாசற்படி.

(பிஜி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1903-ம் ஆண்டில் இருந்து நம் தமிழ் ஜனங்கள் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பல் ஏறிப் போன தீவு அது. அங்கே நாந்தி என்ற ஊரில் சிவசுப்பிரமணிய சுவாமி கோவில் கோபுரத்தோடு நிற்கிறது. முருகனும் பசிபிக் கடல் தாண்டியவர்தான்!)

யுத்தம் கொடுத்ததும் எடுத்ததும்

பலாலி ஓடுபாதைக்கும் புனாபுட்டி ஓடுபாதைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் இரண்டாவது உலக யுத்தத்தில் பிறந்தவை.

பலாலியில் பாதை போட்டது பிரிட்டிஷ் விமானப்படை. புனாபுட்டியில் 1943-ம் ஆண்டு பாதை போட்டது அமெரிக்கக் கடற்படை.

அதே யுத்தம் எங்கள் பள்ளத்தாக்கை என்ன செய்தது தெரியுமா? மதுரையில் இருந்து தேனி வழியாகப் போடிக்கு 1928-ம் ஆண்டு ரயில் வந்தது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்! சுதந்திரம் வந்த பிறகு 1950-களில்தான் மறுபடியும் ரயில் ஓடியது.

எங்கோ ஒரு தீவுக்கு யுத்தம் ஓடுபாதையைக் கொடுத்தது. இங்கே எங்களிடம் இருந்த பாதையைப் பறித்தது. சண்டை போடுகிறவர்கள் ஊர்க்காரனைக் கேட்டுக்கொண்டா போடுகிறார்கள், பறிக்கிறார்கள்?

புனாபுட்டிக்குக் கொடுத்ததும் சும்மா கொடுக்கவில்லை. ஓடுபாதைக்காகத் தென்னை மரங்களை வெட்டினார்கள். கிழங்கு பயிரிட்ட குழிகளை மூடினார்கள். பாதைக்கு மண்ணும் பவளக் கல்லும் தோண்டிய இடங்கள் பெரிய பெரிய பள்ளங்களாக நின்றன. அந்தப் பள்ளங்களில் உப்புத் தண்ணீரும் குப்பையும் தேங்கிக் கிடந்தன. பக்கத்திலேயே ஜனங்கள் குடியிருந்தார்கள். எழுபது வருஷத்துக்கு மேல் அப்படி! 2015-ம் ஆண்டு நியூசிலாந்து நாட்டின் உதவியோடுதான் பள்ளங்களை மூடினார்கள்.

இந்தக் கதையை நான் விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பலாலியின் கதையும் நிலத்தில்தான் வந்து நிற்கிறது.

மூக்கைத் தொடத் தலையைச் சுற்றி...

யுத்தம் முடிந்த பிறகு பலாலிக்கு நல்ல காலம் வந்தது. 1947-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி 'ஏர் சிலோன்' கம்பெனியின் முதல் விமானம் புறப்பட்டது. கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள ரத்மலானையில் கிளம்பி, யாழ்ப்பாணத்தில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு வந்தது. 'டக்கோட்டா' என்ற ரகத்து விமானம். அதற்குப் பெயர் 'சீதாதேவி'. இலங்கையில் இருந்து இந்தியாவுக்குப் பறந்து வந்த விமானத்துக்கு என்ன பொருத்தமான பெயர் பாருங்கள்! அப்போது இலங்கைக்கு சுதந்திரம் வர இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

பிற்பாடு திருச்சிக்கும் விமானம் வந்தது. ஏழைகளுக்கு ராமேசுவரம் கப்பல். வசதி உள்ளவர்களுக்கு விமானம். சினிமா பார்க்கவும், சேலை எடுக்கவும், மதுரை மீனாட்சியைக் கும்பிடவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் இந்தக் கரைக்கு வந்து போன காலம் அது.

1983-ம் ஆண்டு இலங்கையில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. கப்பல் நின்றது. வெளிநாட்டு விமானமும் இல்லை. பலாலி முழுக்க முழுக்க ராணுவத்தின் இடம் ஆயிற்று. 1990-ம் ஆண்டு ஜூன் மாதம் சண்டை மறுபடி வெடித்தபோது, பலாலியைச் சுற்றி இருந்த வலிகாமம் வடக்குப் பகுதி ஜனங்கள் உடுத்த துணியோடு ஊரை விட்டு ஓடினார்கள். அவர்கள் வீடு, தோட்டம், கிணறு எல்லாவற்றையும் சுற்றி வேலி விழுந்தது. "உயர் பாதுகாப்பு வலயம்" என்று அதற்குப் பெயர்.

சாலை மூடிக் கிடந்த வருஷங்களில் யாழ்ப்பாணத்து ஜனங்கள் கொழும்புக்குப் போக விமானமும் ஒரு வழி. அதிலும் பயம். 1998-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி பலாலியில் இருந்து ரத்மலானைக்குக் கிளம்பிய ஒரு பிரயாணி விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் மாண்டார்கள்.

எங்கள் தெரு அம்மாளின் அக்காள் 2004-ம் ஆண்டு ஒரு தடவை இங்கே வந்தார். அப்போது சண்டை ஓய்ந்திருந்தது. சாலை திறந்திருந்தது. அவர் வந்த வழியைக் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினார். வழியில் புலிகளின் சோதனை. அப்புறம் ராணுவத்தின் சோதனை. இறங்கி, நடந்து, மறுபடி ஏறி, 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புக்கு வந்தார். அங்கே விடுதியில் ஒரு ராத்திரி. மறுநாள் விமானத்தில் ஏறி, திரும்பவும் வடக்கே பறந்து, திருச்சியில் இறங்கினார். திருச்சியில் இருந்து பஸ். திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி. வந்து சேர்ந்தபோது கால் இரண்டும் வீங்கி இருந்தன.

யாழ்ப்பாணத்துக்கும் திருச்சிக்கும் நேர்க்கோடு போட்டால் 200 கிலோமீட்டர் இல்லை! மூக்கைத் தொடத் தலையைச் சுற்றுவது என்பார்களே, அது இதுதான்.

2019-ம் ஆண்டு பலாலிக்கு மறுபடி வாசல் திறந்தது. இந்தியா பண உதவி செய்தது. அக்டோபர் 17-ந் தேதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனாவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கேயும் திறந்துவைத்தார்கள். 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்று பெயர் சூட்டினார்கள். நவம்பரில் சென்னைக்குப் போக்குவரத்து ஆரம்பம். வாரத்துக்கு மூன்று நாள்.

நான்கு மாதம்தான் ஓடியது. 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா வந்து மூடிவிட்டது. கொழும்பு நிலையம் திறந்த பிறகும் பலாலி திறக்கவில்லை. 2022-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதிதான் மறுபடி சென்னை விமானம் வந்து இறங்கியது. 2024 செப்டம்பரில் இரண்டாவது கம்பெனியும் சென்னையில் இருந்து வந்தது. அதே கம்பெனி 2025 மார்ச் 30-ந் தேதி திருச்சியில் இருந்தும் தொடங்கியது. டீக்கடையில் எங்களைச் சிரிக்க வைத்த செய்தி அதுதான்.

கடல் வழியும் இதற்கிடையில் திறந்தது. 2023 அக்டோபர் 14-ந் தேதி நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பிரயாணம். காற்று மழை என்றால் நின்றுவிடும்.

ஒற்றை ரயிலைக் கேட்டுப் பாருங்கள்

"வாரத்தில் இத்தனை விமானம்தானே! இது போய் ஒரு விமான நிலையமா? நஷ்டம்தான் வரும்" என்று கணக்குப் பார்க்கிறவர்கள் உண்டு.

அவர்கள் எங்கள் தேனிக்கு வந்து கேட்க வேண்டும்.

மீட்டர் கேஜ் ரயிலை 2010-ம் ஆண்டு முடிவில் நிறுத்தினார்கள். அகலப் பாதை போட்டு, 2022-ம் ஆண்டு மே மாதம் தேனி வரைக்கும் ரயில் வந்தது. நடுவில் பதினோரு வருஷம்! இந்தப் பதினோரு வருஷத்தில் பிறந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் சொந்த ஊரில் ரயிலையே பார்த்ததில்லை.

வந்ததும் எத்தனை ரயில்? காலையில் ஒன்று வரும். சாயங்காலம் அதுவே திரும்பிப் போகும். அவ்வளவுதான். அதற்கே முதல் நாள் ஜனங்கள் மாலையோடு போய் நின்றார்கள். இஞ்சினுக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள். ஏலக்காய் வியாபாரியும் வந்தார், மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளியும் வந்தார். "ஒற்றை ரயில்தானே" என்று ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை.

பறிபோன பாதை திரும்பக் கிடைத்தால் அதன் அருமை பறிகொடுத்தவனுக்குத் தெரியும்.

அப்படியானால் பெரிதாக்கலாமே?

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன்.

"சின்ன விமானம் போதாது. ஓடுபாதையை நீட்ட வேண்டும். பெரிய பெரிய ஜெட் விமானங்கள் வர வேண்டும்" என்ற யோசனை 2019-ம் ஆண்டிலேயே பேசப்பட்டது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. லண்டனிலும் கனடாவிலும் லட்சக்கணக்கான யாழ்ப்பாணத் தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நேரே சொந்த ஊரில் வந்து இறங்கினால் சந்தோஷம்தானே? பெரிய விமானத்தில் ஆள் நிறைந்தால் டிக்கெட் விலையும் இறங்கும். யாழ்ப்பாணத்து மீனும் காய்கறியும் வெளிநாடு போகும். இந்த வாதங்களை நான் தள்ளிவிடவில்லை.

ஆனால் நீட்டுகிற பாதை எந்த மண்ணின் மேல் போகும்?

1990-ம் ஆண்டு ஓடியவர்களின் மண் மேல்தான். யுத்தம் 2009-ம் ஆண்டு முடிந்தது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிலங்களை விட்டார்கள். இன்னும் முழுவதும் விடவில்லை. வேலிக்கு வெளியே நின்று தங்கள் வீட்டு மரத்தை அடையாளம் காட்டுகிற கிழவர்கள் அங்கே இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண் சாமானியமான மண் அல்ல. புகையிலை, வெங்காயம், மிளகாய், வாழை எல்லாம் விளையும். கிணற்றை நம்பி, தலைமுறை தலைமுறையாக எருப் போட்டு வளர்த்த மண். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் போட்டவனைக் கேளுங்கள், அவனுக்குப் புரியும். நஷ்ட ஈடாக வேறு எங்கோ ஐந்து ஏக்கர் தருகிறேன் என்றால் அது இதுவாகுமா?

பெரிதாகக் கட்டினால் எல்லாம் நடந்துவிடும் என்பதும் பொய். அதற்கு சாட்சி இலங்கையிலேயே இருக்கிறது. தெற்கே மத்தளை என்ற இடத்தில் 2013-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். சீனாவில் கடன் வாங்கிக் கட்டியது. மூன்றரைக் கிலோமீட்டர் ஓடுபாதை! வருஷத்துக்குப் பத்து லட்சம் பிரயாணிகள் வரலாம் என்று கட்டிடம்! வந்தது யார்? யானையும் மானும்தான். அவற்றை விரட்டப் போலீசும் ராணுவமும் போக வேண்டி வந்தது. சரக்கு வைக்கும் கட்டிடத்தில் கொஞ்ச காலம் நெல் மூட்டை அடுக்கினார்கள். நெற்களஞ்சியத்துக்கு விமானம் எதற்கு?

மத்தளையில் பாதை நீளமாக இருந்தது. போக வர ஆள் இல்லை. பலாலியில் ஆள் இருக்கிறார்கள். உறவு இருக்கிறது. அதற்கு ஏற்ற பாதையும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு முதலில் வந்த விமானத்தின் ரகம் 'ஏ.டி.ஆர். 72'. இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும். எழுபது பேர் உட்காரலாம். எழும்ப ஒன்றரைக் கிலோமீட்டர் பாதை இருந்தால் போதும். எண்ணெய்ச் செலவும் கம்மி. மழைக் காற்றில் கொஞ்சம் குலுக்கும், அவ்வளவுதான். நம் மலைப் பாதையில் போகிற பஸ் குலுக்காத குலுக்கலா? புனாபுட்டித் தீவுக்கு இரண்டரை மணி நேரம் கடல் தாண்டிப் போய் வருவதும் இதே ரகம்தான். சென்னைக்கும் திருச்சிக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குள் பறப்பதற்கு இது போதாதா?

ஆகவே என் கட்சி இது. பலாலி சிறிதாகவே இருக்கட்டும். விமானத்தின் அளவைக் கூட்ட வேண்டாம். விமானத்தின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். திருச்சிக்கு விட்டது போல மதுரைக்கும் ஒன்று விடுங்கள். 2012-ம் ஆண்டு மதுரையில் இருந்து கொழும்புக்கு விமானம் தொடங்கியபோது, "கூட்டம் வருமா?" என்று சந்தேகப்பட்டவர்கள் எத்தனையோ பேர். கூட்டம் வந்ததா இல்லையா?

இரண்டு சர்க்காரும் கொஞ்சம் மனசு வைத்து வரியைக் குறைக்கட்டும். சின்ன விமானத்தில் டிக்கெட் விலை கூடத்தான் இருக்கும். கூலிக்காரனும் ஏறும்படி செய்ய வரிக் குறைப்புதான் வழி. மழைக் காலத்தில் கப்பல் நிற்கிற நாட்களிலாவது விமானம் நிற்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

வேலிக்குள் இருக்கும் நிலத்தை முதலில் உடையவனிடம் கொடுக்கட்டும். கொடுத்த பிறகு, "என் நிலத்தை ஓடுபாதைக்கு விற்கிறேன்" என்று அவனே இஷ்டப்பட்டு நல்ல விலைக்கு விற்றால், அப்போது நீட்டிக்கொள்ளட்டும். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பிடுங்கி வைத்த நிலத்திலேயே பேரம் பேசுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்படிப் பார்த்தால் எந்த ஊரிலும் ரோடு போட முடியாதே?" என்று டீக்கடை நண்பர் என்னை மடக்கினார். ரோட்டுக்கு நிலம் எடுக்கும்போது நோட்டீஸ் வரும், தாசில்தார் வருவார், கோர்ட்டுக்குப் போகலாம், பணம் வரும். அந்த ஜனங்களுக்கு வந்தது குண்டுச் சத்தம். இரண்டும் ஒன்றா?

ஜன்னல் ஓரம்

மே மாதம் அக்காள் வந்துவிட்டார். எழுபது வயது தாண்டியவர். காலையில் யாழ்ப்பாணத்து வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாராம். ராத்திரிச் சாப்பாடு பழனிசெட்டிபட்டியில்! பையைத் திறந்ததும் ஒடியல் மாவு, பனங்கட்டி, கறித்தூள் என்று வீடெல்லாம் வாசனை. எங்கள் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வந்தது.

மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். பிரயாணம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்ல சுகம் தம்பி. ஏறினதும் தெரியேல்லை, இறங்கினதும் தெரியேல்லை" என்றார்.

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய தகப்பனார் வீடு விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான். 1990-ம் ஆண்டு விட்டுவிட்டு ஓடிய வீடு. இன்னும் வேலிக்குள் இருக்கிறது. விமானத்தில் ஜன்னல் ஓரத்து இடம் கேட்டு வாங்கி உட்கார்ந்தாராம்.

"மேல எழும்பேக்கை பார்த்தன். வீடு இல்லை. ஒரே பற்றை. கிணத்துக் கட்டு மட்டும் வட்டமாத் தெரிஞ்சுது. எங்கடைதானோ, பக்கத்து வளவுக் கிணறோ... பிளேன் திரும்பீட்டுது."

தங்கை அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். "கிணத்தடியிலை ரெண்டு கமுகு நிண்டுதே அக்கா, அதுகள் இருக்குதோ?" என்று கேட்டார்.

"அது தெரியேல்லையடி. போகேக்கை மற்றப் பக்கத்து ஜன்னல் கேட்டுப் பாக்கிறன்."

ஒரு மாதம் இருந்துவிட்டு அக்காள் கிளம்பினார். தங்கை சின்னமனூர் வாழைப்பழமும் கம்பம் பன்னீர்த் திராட்சையும் வாங்கிக் கட்டினார். பச்சைப் பழம் நாடு விட்டு நாடு கொண்டுபோனால் சுங்கத்தில் தடுப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். தேனி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அக்காளும் தங்கையும் பாதித் திராட்சையைத் தின்றார்கள். மீதியைப் பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். திருச்சி பஸ் வந்தது.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. அந்த அம்மாள் ஓட்டமும் நடையுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்:

"தம்பி, அக்கா போய்ச் சேர்ந்திட்டா. ஒரு கமுகு நிக்குதாம்."